நிலமில்லாத மட்டாஞ்சேரிக்கு மண் பாடம் எதற்கு?

கொச்சியின் மட்டாஞ்சேரி, நூற்றாண்டுகளாக விளைபொருளை நம்பிப் பிழைத்த ஊர். மிளகும் சுக்கும் ஏலமும் மஞ்சளும் மலைநாட்டிலிருந்து படகில் வந்து இங்கே எடை போடப்பட்டன, தரம் பிரிக்கப்பட்டன, பிறகு கப்பலேறின. பசார் சாலையின் இரு பக்கமும் பழைய கிடங்குகள் இன்னும் நிற்கின்றன. 1957-இல் மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கிய சங்கம் இந்த ஊருடையதுதான். ஆனால் இந்தத் தெருக்களில் வளரும் ஒரு குழந்தை மிளகுக் கொடி எப்படிப் பற்றி ஏறுகிறது, அதன் பூ எப்படி இருக்கும், எந்த மழையில் காய் பிடிக்கும் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து அறிய வாய்ப்பு மிகக் குறைவு. ஓட்டுக்கூரைகள் ஒன்றையொன்று உரசி நிற்கும் சந்துகளில் கொல்லை கிடையாது, வயல் கிடையாது. விளைபொருளின் விலை தெரியும். விளையும் விதம் தெரியாது. இப்படிப்பட்ட ஊர்க் குழந்தைகளுக்குத்தான் விவசாயத்தையும் தோட்டத்தையும் கையால் செய்து கற்கும் கல்வி முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கிராமத்துப் பிள்ளை பள்ளியில் சொல்லித் தராவிட்டாலும் வரப்பில் நடந்து கொஞ்சமாவது தெரிந்துகொள்ளும். நகரத்து நெருக்கடியில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

வாதத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பள்ளி வாசலில் நாலு தொட்டி வைத்து, அமைச்சரையோ கவுன்சிலரையோ அழைத்து முதல் நாற்றை நடச் சொல்லிப் படமெடுப்பதைத் தோட்டக் கல்வி என்று சொல்ல முடியாது. கணக்குக்கும் மொழிக்கும் இருப்பதுபோல் அதற்கும் பாடவேளை வேண்டும், ஆசிரியர் வேண்டும், தொடர்ச்சி வேண்டும். இந்த நிபந்தனை நிறைவேறும் இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. நிறைவேறாத இடங்களில் தொட்டிகள் காய்ந்திருக்கின்றன. இதற்கு இங்கிலாந்திலும் நேபாளத்திலும் செய்த ஆய்வுகள் சாட்சி. கொச்சிக்குத் தெற்கே, ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர்களின் அனுபவமும் சாட்சி.

தெரியாமல் போன மூன்று விஷயங்கள்

நகரத்துக் குழந்தைக்கு மூன்று விஷயங்கள் கண்ணில் படாமல் போய்விட்டன. முதலாவது, உணவு எங்கிருந்து வருகிறது என்பது. கேரளத்தின் காய்கறிச் சந்தைகள் பெரிதும் தமிழ்நாட்டை நம்பியிருப்பதை ஒட்டன்சத்திரத்திலும் பொள்ளாச்சியிலும் கம்பத்திலும் லாரி ஏற்றுபவர்கள் நன்றாக அறிவார்கள். மட்டாஞ்சேரிச் சமையலறைக்கு வரும் முருங்கையும் தக்காளியும் மலைத்தொடரைத் தாண்டி வந்தவை. இரண்டாவது, தின்றதில் மிஞ்சியது எங்கே போகிறது என்பது. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் கொச்சி நகரம் நச்சுப் புகையில் மூச்சுத் திணறியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. சமையலறைக் கழிவைப் பிரித்து வைப்பதும் மக்க வைப்பதும் நகரத்துக்கு உயிர்ப் பிரச்சினை என்பதை அந்த நாட்கள் உணர்த்தின. மூன்றாவது, இதற்கெல்லாம் உழைத்தவர் யார் என்பது. விதை ஊன்றியவர், களை பறித்தவர், மூட்டை சுமந்தவர், குப்பை அள்ளியவர் யாரும் பாடப்புத்தகத்தில் பெயரோடு வருவதில்லை. ஒரு செடியை விதையிலிருந்து காய் வரை வளர்த்து, அதன் சருகை உரமாக்கி, அந்த உரத்தில் அடுத்த விதையை ஊன்றிய குழந்தைக்கு இந்த மூன்றும் ஒரே தொடராகப் புரிந்துவிடும். எந்தச் சுவரொட்டியும் இதை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

செடிகளைப் பற்றிய அறிவு கொச்சிக்கு வெளியிலிருந்து வர வேண்டிய சரக்கும் இல்லை. டச்சுக்காரர் ஆட்சியில் கொச்சியில் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபார்ச் செடிகளைத் தொகுத்து உருவாக்கிய ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. 742 செடிகளைப் படத்தோடு விவரிக்கும் அந்தப் பெருநூலின் அறிவு ஐரோப்பியரின் சொந்தச் சரக்கு என்று சொல்லிவிட முடியாது. சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்கபட், விநாயக பண்டிதர், அப்புபட் என்ற மூன்று கொங்கணிப் பண்டிதர்களும் செடிகளை அடையாளம் காட்டி அவற்றின் குணங்களைச் சொன்னார்கள். 1675-இல் அவர்கள் எழுதிக் கொடுத்த சான்றுரைகள் நூலின் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன. இட்டி அச்சுதனின் அறிவு ஏட்டிலிருந்து மட்டும் வந்ததில்லை. பறித்தும் அரைத்தும் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. லத்தீனில் இருந்த நூலைத் தாவரவியலாளர் கா. சு. மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். அவருடைய ஆங்கிலப் பதிப்பு 2003-இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் தாவரவியலாளர் மேற்கோள் காட்டும் ஒரு நூல் பிறந்த ஊரில், அந்த நூலில் உள்ள பத்துச் செடிகளைக்கூட அடையாளம் காட்டத் தெரியாத தலைமுறை வளர்வது எளிதாகக் கடந்து போகக்கூடிய இழப்பா?

ஆய்வுகள் சொல்வது

கேரளத்தில் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. ஊராட்சிதோறும் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம் இருக்கிறது. ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி என்ற பெயரில் நடக்கும் இயக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் விதைப் பொட்டலம் கொடுக்கிறார்கள். 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கம் நீர், கழிவு மேலாண்மை, விவசாயம் மூன்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. 2022-இல் ‘நாங்களும் விவசாயத்துக்கு’ என்ற பொருளில் இன்னொரு இயக்கம் வந்தது. மத்திய அரசும் 2019-இல், மதிய உணவுத் திட்டத்தோடு சேர்த்துப் பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. விதைக்கும் திட்டத்துக்கும் பஞ்சமில்லை. பொட்டலம் கொடுத்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் குறை இருக்கிறது. முளைக்காத விதை ஏன் முளைக்கவில்லை, இலை ஏன் சுருண்டது, காய் ஏன் சொத்தையானது என்ற கேள்விகளில்தான் கல்வி தொடங்குகிறது. அந்தக் கேள்விகளை வகுப்பில் வைத்துப் பேச நேரம் ஒதுக்காவிட்டால், பொட்டலம் வெறும் அன்பளிப்பாகவே நின்றுவிடும்.

இது ஊகமில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவரிடையே நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, சத்துணவுப் பாடத்தோடு தோட்ட வேலையும் செய்த பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட்ட பழமும் காய்கறியும் நாளுக்குச் சராசரியாக 1.93 பங்கிலிருந்து 4.50 பங்காக உயர்ந்ததாகச் சொன்னது. பாடத்தை மட்டும் கேட்ட பள்ளியில் அப்படி உயரவில்லை. ஆனால் அது சிறிய ஆய்வு. லண்டன் பள்ளிகளில் தோட்டக்கலைச் சங்கத்தின் உதவியோடு நடந்து 2014-இல் முடிவுகள் வெளியான பெரிய சோதனை, தோட்டம் இருப்பதால் மட்டும் பிள்ளைகள் காய்கறி கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்றது. தோட்டத்தைப் பாடத்திலும் பள்ளி வாழ்க்கையிலும் ஆழமாகச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளில் மட்டும் நாளுக்குச் சுமார் 80 கிராம், அதாவது ஒரு பங்கு அளவு, கூடியதாகத் தெரிந்தது. நேபாளப் பள்ளிகளில் உலகக் காய்கறி மையம் நடத்திய சோதனையிலும் இதே பாடம். முதலில் பள்ளித் தோட்டம் மட்டும் போட்டபோது பிள்ளைகளின் அறிவு கூடியது; தட்டில் காய்கறி கூடவில்லை. பிறகு பெற்றோரையும் சேர்த்து வீட்டுத் தோட்டத்தோடு இணைத்தபோதுதான் தட்டும் மாறியது. தோட்டக் கல்வியை எதிர்ப்பவர்கள் முதல் முடிவைக் காட்டுகிறார்கள், ஆதரிப்பவர்கள் பிந்தியதைக் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் தீர்ப்பு தெளிவானது: தோட்டம் பாடத்தோடும் சமையலறையோடும் வீட்டோடும் இணைய வேண்டும்.

இடமும் நேரமும்

‘மட்டாஞ்சேரியில் இடம் ஏது?’ என்பதுதான் முதலில் வரும் மறுப்பு. இடம் குறைவு என்பது உண்மை. பழைய வீடுகளின் ஓட்டுச் சரிவில் மாடித்தோட்டம் போட முடியாது. நிலத்தடி நீரிலும் உப்பு ஏறும். ஆனால் கடலோர மணலில் காய்கறி விளையாது என்ற நம்பிக்கையை ஆலப்புழை மாவட்டத்துக் கஞ்சிக்குழி ஊராட்சி 1990-களிலேயே உடைத்துக் காட்டியது. நீர் நிற்காத வெறும் மணலில் சாணமும் மக்கிய உரமும் சேர்த்து, வீட்டுக்கு வீடு பெண்களைத் திரட்டிக் காய்கறி விளைவித்த அந்த ஊரின் பெயரில் இன்று ஒரு பயறு ரகமே இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பள்ளிகளின் கான்கிரீட் மாடிகளும், கோயில், பள்ளிவாசல், தேவாலய வளாகங்களும், வெயில் விழும் சுற்றுச்சுவர் ஓரங்களும் கிடைக்கும். மண், நார்க்கழிவு, மக்கிய சாண உரம் மூன்றையும் சம அளவில் கலந்த குரோ பேக் பைகள் இருந்தால் போதும். ஈரம் ஏறிய பை கனமாக இருக்கும். அதனால் மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி வைக்க வேண்டும், பழைய கட்டடமானால் பொறியாளரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும். உரத்துக்கும் அலைய வேண்டாம். மீன் சந்தைக் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து மூடி வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் மீன் அமிலம் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு முதல் ஐந்து மில்லி போதும். மீன் ஊருக்கு மீன் கழிவே உரமாவதைவிடப் பொருத்தமான வேதியியல் பாடம் வேறு எது?

அடுத்த மறுப்பு நேரத்தைப் பற்றியது. தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்ற எங்கே நேரம் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் தோட்ட வேலை பாடத்தின் நேரத்தைப் பறிக்க வேண்டியதில்லை. பாடமே அங்கே நடக்கலாம். நூறு விதையில் எத்தனை முளைத்தது என்பது சதவீதக் கணக்கு. உர அளவு விகிதக் கணக்கு. வாரம் ஒருமுறை செடியின் உயரத்தைக் குறித்துக் கோடு வரைவது புள்ளியியல். பிளாஸ்டிக் உறையை இலைக்கு மாட்டி நீர்த்துளி சேர்வதைப் பார்ப்பது தாவரவியல். பார்த்ததைத் தேதியிட்டு எழுதுவது மொழிப் பயிற்சி. கேரளத்தின் கல்வியாண்டும் இதற்கு ஒத்து வருகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது மழையும் தொடங்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை வரும் திருவாதிரை ஞாற்றுவேலை மிளகுக்கொடி நட உகந்த காலம் என்பது அந்நாட்டு விவசாயியின் கணக்கு. அந்த நாட்களில் சேம்பும் கறிவேப்பிலையும் மிளகும் நடலாம். அடைமழை ஓய்ந்து அக்டோபர் வந்ததும் தண்டுக்கீரை, பயறு, வெண்டை, பாகல் விதைக்கலாம். கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். வெண்டையும் பயறும் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். மார்ச் தேர்வுக்கு முன் இரண்டு சுற்று விளைச்சல் எடுத்துவிடலாம்.

மட்டாஞ்சேரியின் பாடத்திட்டத்தில் மிளகுக்கு முதலிடம் வேண்டும். பற்றி ஏற மரம் வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். மிளகுக் கொடியில் காய் பிடிக்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால், அது கொடியாக ஓடாமல் தொட்டியில் புதர்போல் வளர்ந்து விரைவிலேயே காய்க்கும். ஒரே செடியின் இரண்டு கிளைகளில் ஒன்று ஏறவும் ஒன்று படரவும் ஏன் செய்கின்றன என்பது உயர்வகுப்பு மாணவருக்கும் சுவையான கேள்வி. தென்னமெரிக்கக் காட்டு மிளகின் வேர்ப்பகுதியில் நம் மிளகை ஒட்டுக்கட்டினால், கொடியையே அழிக்கும் வாடல் நோயை அது தாங்குகிறது. இது ஒட்டுக்கட்டும் கலைக்கு நல்ல அறிமுகம். பன்னியூர் ஆய்வு நிலையம் உருவாக்கிய பன்னியூர்-1, மிளகில் வெளிவந்த முதல் கலப்பின ரகம் என்பதைச் சொல்லும்போது பயிர்ப் பெருக்கத்தின் வரலாறும் வகுப்பறைக்குள் வந்துவிடும். பிறகு அந்தப் பிள்ளைகளை இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிடங்குக்கு அழைத்துப் போய், தாங்கள் பறித்து உலர்த்திய மிளகை வணிகர் எப்படித் தரம் பார்க்கிறார் என்று காட்டலாம். ஊரின் வரலாறும் பொருளாதாரமும் அறிவியலும் ஒரே தொட்டியில் தொடங்கும்.

குலக்கல்வியாகிவிடாதா?

தமிழ் வாசகர் மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கும் மறுப்பு இதைவிடக் கனமானது. பிள்ளைகளை மண்ணுக்கு அனுப்பும் கல்வி என்றதும் நமக்கு 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டு அதைத் திராவிட இயக்கம் எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. அதற்கு முன், 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியே கற்பிக்கும் உயர்ந்த எண்ணத்தோடு தொடங்கி, நாளடைவில் மங்கியது. பிள்ளைகள் செய்த பொருளை விற்றே பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பு அதன் பலவீனம். ஏழைக்கு ஒரு கல்வி, வசதியுள்ளவருக்கு வேறு கல்வி என்ற எண்ணம் மக்கள் மனத்தில் விழுந்ததும் அதன் தோல்விக்குக் காரணம். வயல் வேலையிலிருந்து தப்பிக்கத்தான் படிக்க வைத்தோம், மறுபடியும் மண்வெட்டியா என்று கேட்கும் தாய் தகப்பனுக்கு அந்த வரலாறு முழுவதும் சாட்சியாக நிற்கிறது.

கேரள வரலாறு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. திருவிதாங்கூரில் புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டபோது, 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களின் தலைவர் அய்யன்காளி விவசாயத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். வயல்கள் தரிசாகக் கிடந்தன. கொச்சியில் 1913-இல் புலையர் ஒன்றுகூடக் கரையில் இடம் கிடைக்காததால், கவிஞர் பண்டிட் கருப்பன் துணையோடு காயலில் படகுகளை ஒன்றாகக் கட்டி நீரின் மேல் கூட்டம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் நடந்த விவசாயக் கண்காட்சிக்குள் அவர்கள் நுழையத் தடை இருந்தது. கண்காட்சியில் வைத்திருக்கும் விளைச்சலை உண்டாக்கியவர்களே வெளியே நிற்கிறார்கள் என்பதைக் கருப்பன் திவானிடம் எடுத்துச் சொன்ன பிறகே வழி திறந்தது. விளைச்சலுக்கு மேடை, விளைவித்தவருக்குத் தடை என்ற அநீதியைக் களைவதே விவசாயக் கல்வியின் முதல் வேலை. அதனால் சில வரம்புகளை விட்டுக்கொடுக்கவே கூடாது. கட்டணப் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். பெண் பிள்ளை சமையல், ஆண் பிள்ளை மண்வெட்டி என்று பிரிக்கக் கூடாது. எல்லாரும் முறை வைத்து எல்லாம் செய்ய வேண்டும். தோட்ட வேலை ஒருபோதும் தண்டனையாகக் கூடாது. விளைச்சலின் எடையையோ விற்ற பணத்தையோ வைத்துப் பிள்ளையையும் பள்ளியையும் மதிப்பிடக் கூடாது. பள்ளி நேரத்தில் ஒரு மணியும் குறையக் கூடாது. பிறப்பால் ஒருவருக்கு ஒதுக்கிய வேலையாக இல்லாமல், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான அறிவாக வந்தால் அது குலக்கல்விக்கு நேர் எதிரானது.

இன்னொரு படியும் ஏற வேண்டும். விவசாயியை ஆசிரியராக வகுப்பறைக்கு அழைத்து, அதற்கு ஊதியம் கொடுக்க வேண்டும். கொச்சியைச் சுற்றிக் கும்பளங்கி, செல்லானம், கடமக்குடி, ஏழிக்கரை பக்கங்களில் பொக்காளி வயல்கள் இருக்கின்றன. கடல்நீர் ஏறி இறங்கும் அந்த நிலத்தில் உப்பைத் தாங்கும் நெல்லை மழைக்காலத்தில் விளைவிக்கிறார்கள். வேனிலில் மண்ணைச் சிறு மேடுகளாகக் கூட்டி வைப்பார்கள்; ஜூன் மழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவியதும் விதைப்பார்கள்; நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டிப் பரப்புவார்கள். அறுவடையில் கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரில் விட்டால், அது அழுகி இறாலுக்கு இரையாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். உரமும் பூச்சிக்கொல்லியும் வாங்காமல் நடந்த சுழற்சி இது. வைற்றிலாவில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆய்வு நிலையம் இதற்கான ரகங்களை உருவாக்கியிருக்கிறது. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் இடுப்பளவு நீரில் நின்று அறுவடை செய்யும் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், குறைந்துகொண்டே வருகிறார்கள். வயலின் பரப்பும் சுருங்கிவிட்டது. கடல்மட்டம் உயரும் காலத்தில் உப்புநீரோடு வாழத் தெரிந்த அந்தப் பெண்களைவிட மேலான சூழலியல் ஆசிரியர் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளுக்கு யார் கிடைப்பார்? ஆண்டுக்கு இரண்டு முறை, விதைப்புக்கும் அறுவடைக்கும், பள்ளிகள் அங்கே போய் வர வேண்டும்.

கொசுவும் கோடை விடுமுறையும்

தொட்டியும் தட்டும் கொசுவைப் பெருக்கும் என்று ஒரு மறுப்பு வரும். கொச்சியில் கொசுவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. யானைக்கால் நோய்க்குப் பேர்போன கடற்கரை இது. ஆனால் அந்த நோயின் வரலாறே தோட்டக் கல்விக்கு வலுவான சான்றாகிறது. சேர்த்தலைப் பகுதிக் குளங்களில் மிதந்த ஆகாயத்தாமரையின் வேரை ஒட்டியே ஒருவகைக் கொசுவின் புழுக்கள் வாழ்ந்தன. புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பி ஆய்வு மையம் 1980-களின் பிற்பகுதியில் அங்கே மக்களையும் பள்ளி மாணவர் குழுக்களையும் திரட்டி அந்தக் களையை அகற்ற வைத்தது. அகற்றிய களை தென்னைக்கு உரமாயிற்று. களையைத் தின்னும் மீனைக் குளத்தில் விட்டதால் வீட்டுக்கு வருமானமும் வந்தது. கொசு, களை, மீன், உரம், நோய் ஆகியவை ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைக் கையால் செய்து ஓர் ஊரே கற்ற நிகழ்வு அது. பள்ளித் தோட்டத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமலும், வாரம் ஒருமுறை தேங்கிய நீரைத் தேடிக் கொட்டியும் வந்தால், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் செய்யப்போவதும் அதுதான்.

கடைசி மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது: ஏப்ரல், மே விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? பெரும்பாலான பள்ளித் தோட்டங்கள் இந்தக் கேள்வியில்தான் பட்டுப்போகின்றன. பள்ளி மட்டும் இதைத் தாங்க முடியாது. ஊர் சேர வேண்டும். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டங்களும் அதன் கீழ் இயங்கும் குழந்தைகளின் பாலசபைகளும் கேரளம் முழுவதும் இருக்கின்றன. விடுமுறைக்காலப் பராமரிப்பை அவர்களிடம் கூலியோடு ஒப்படைக்கலாம். அந்த விளைச்சலையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். நேபாளச் சோதனை கேட்ட வீட்டு இணைப்பும் இதனாலேயே கிடைத்துவிடும். மட்டாஞ்சேரிக்கு இன்னொரு செல்வமும் உண்டு. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர், மலையாளிகள் என்று பல சமூகங்கள் சில சதுர கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. கொங்கணி வீட்டில் சேம்பிலையை மாவு பூசிச் சுருட்டி வேகவைப்பார்கள்; தமிழ் வீட்டில் முருங்கைக் கீரையும் மணத்தக்காளியும் வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சமையலுக்கும் வேண்டிய செடியை அந்த வீட்டுப் பாட்டியே வந்து நடச் சொல்லிக் கொடுத்தால், பாடத்தோடு சேர்ந்து பல மொழிக்காரரும் ஒரே தோட்டத்தில் அறிமுகமாவார்கள்.

செய்ய வேண்டியது பெரிய திட்டமில்லை. கொச்சி மாநகராட்சியும் கல்வித்துறையும் மட்டாஞ்சேரிப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்குக் கிருஷி பவனில் பயிற்சி கொடுத்து, இந்தப் பொறுப்பை அவருடைய வேலைக்கணக்கில் சேர்க்கட்டும். விடுமுறைப் பராமரிப்புக்கும் விவசாய ஆசிரியரின் ஊதியத்துக்கும் தனியாகப் பணம் ஒதுக்கட்டும். தோட்டத்தில் விளைந்த கீரை மதிய உணவுத் தட்டுக்கு வரட்டும், தட்டில் மிஞ்சியது உரக்குழிக்குப் போகட்டும். ராயபுரத்திலும் மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் வளரும் நம் பிள்ளைகளின் நிலையும் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளின் நிலையும் ஒன்றுதான். கேரளம் தொடங்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், ‘தோட்டத்துக்கு எந்தப் பாடவேளை, எந்த ஆசிரியர், விடுமுறையில் யார் பொறுப்பு?’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள்.